சுருள் விண்மீன் பேரடைகளின் காந்தப்புலம்

சுருள் விண்மீன் பேரடைகளில் விண்மீன்களுக்கு இடையே உள்ள வளிமத்தையும் தூசியையும் ஊடுருவி, பல்லாயிரம் ஒளியாண்டுத் தொலைவுக்குப் பரவியிருக்கும் காந்தப்புலம் பேரடைக் காந்தப்புலம் எனப்படுகிறது. நமது பால் வழி, அந்திரொமேடா, நீர்ச்சுழிப் பேரடை எனப்படும் மெசியர் 51 போன்றவற்றில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. இதன் வலிமை பொதுவாக 10 மைக்ரோகாஸ் அளவில் இருக்கும். ஒரு மைக்ரோகாஸ் என்பது ஒரு காஸின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. புவியின் மேற்பரப்பில் திசைகாட்டியின் ஊசியைத் திருப்பும் புலம் ஏறத்தாழ அரை காஸ் என்பதால், பேரடையின் புலம் அதில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கே ஆகும்.

இவ்வளவு வலிமை குறைந்த புலத்தைப் புறக்கணித்துவிடலாம் என்று தோன்றக்கூடும். ஆனால் விண்மீனிடை வளிமம் மிக மெலிந்தது. ஒரு கன சென்டிமீட்டருக்குச் சராசரியாக ஓர் அணு மட்டுமே அதில் உண்டு. அவ்வளிமத்தின் கொந்தளிப்பில் உள்ள ஆற்றலையும் 5 மைக்ரோகாஸ் புலத்தில் உள்ள ஆற்றலையும் ஒரே கன அளவுக்குக் கணக்கிட்டால், இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கின்றன. எனவே வளிமம் நகரும் விதம், முகில்கள் சுருங்கி விண்மீன்களாகும் வேகம், அண்டக் கதிர்கள் பேரடைக்குள் தங்கியிருக்கும் காலம் ஆகிய அனைத்திலும் காந்தப்புலத்துக்குப் பங்கு உண்டு.

இப்புலத்தைப் பற்றிய முதன்மையான கேள்வி, அது ஏன் இன்னும் அழியாமல் இருக்கிறது என்பதே. கீழே விளக்கப்படுவது போல, தானாக விடப்பட்டால் ஒரு பேரடையின் ஒழுங்கான காந்தப்புலம் நூறு கோடி ஆண்டுகளுக்குள் சிதைந்துவிட வேண்டும். பேரடைகளின் வயதோ ஆயிரம் கோடி ஆண்டுகளை ஒட்டியது. ஆகவே இன்று காணப்படும் புலம் பழங்காலத்தில் இருந்து எஞ்சிய மிச்சம் மட்டுமாக இருக்க முடியாது. அது தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு வருகிறது.

கண்டறியப்பட்ட வரலாறு

விண்மீன்களுக்கு இடையே காந்தப்புலம் இருக்க வேண்டும் என்ற கருத்தை சுவீடிய இயற்பியலாளர் ஹான்ஸ் ஆல்வென் 1937-இல் முன்வைத்தார். அண்டக் கதிர்களைப் பேரடைக்குள் பிடித்துவைக்க ஏதேனும் ஒன்று தேவை என்பது அவரது வாதம். அப்போது அதற்குச் சான்று எதுவும் இல்லை.

சான்று 1949-இல் கிடைத்தது. ஜான் ஹால், வில்லியம் ஹில்ட்னர் ஆகிய அமெரிக்க வானியலாளர்கள், தொலைவில் உள்ள விண்மீன்களின் ஒளி சற்றே முனைவாக்கம் பெற்றிருப்பதைக் கண்டனர். ஒளியலைகள் எல்லாத் திசைகளிலும் சமமாக அதிராமல் ஒரு திசையில் கூடுதலாக அதிர்வதே முனைவாக்கம் ஆகும். நீள்வடிவத் தூசித் துகள்கள் காந்தப்புலத்தால் ஒரே விதமாக அணிவகுத்து நின்று, தம்மைக் கடந்து வரும் ஒளியை வடிகட்டுவதே இதற்குக் காரணம் என்று லெவரெட் டேவிஸ், ஜெஸ்ஸி கிரீன்ஸ்டீன் ஆகியோர் 1951-இல் விளக்கினர்.

புலத்தின் திசையோடு அதன் வலிமையையும் இதே ஒளியில் இருந்து கணிக்கலாம் என்று 1953-இல் காட்டியவர்கள் சுப்பிரமணியன் சந்திரசேகரும் என்ரிக்கோ பெர்மியும் ஆவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர் அப்போது சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். பெர்மியும் அங்கேயே இருந்தார். அவர்களது வாதம் எளிமையானது. காந்த விசைக்கோடுகளை இழுத்துக் கட்டிய கம்பிகளாகக் கருதலாம். வளிமத்தின் கொந்தளிப்பு அக்கம்பிகளை அசைக்கிறது. கம்பி விறைப்பாக இருந்தால் அசைவு குறையும், தளர்வாக இருந்தால் கூடும். ஆகவே முனைவாக்கத் திசைகள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதை அளந்து, வளிமத்தின் அடர்த்தியும் வேகமும் தெரிந்தால், கம்பியின் விறைப்பை, அதாவது புலத்தின் வலிமையைக் கணக்கிட்டுவிடலாம். அவர்களுக்குக் கிடைத்த விடை 6 அல்லது 7 மைக்ரோகாஸ் அளவில் இருந்தது. ஞாயிற்றின் சுற்றுப்புறத்தில் இன்று ஏற்கப்படும் மதிப்பும் ஏறத்தாழ அதுவே. டேவிசும் இதையொத்த வழியைக் கையாண்டிருந்ததால், இம்முறை இன்று மூவரின் பெயராலும் வழங்குகிறது. விண்மீன் பிறக்கும் முகில்களை ஆராய்வோர் அதை இப்போதும் பயன்படுத்துகின்றனர்.

பால் வழிக்கு வெளியே உள்ள ஒரு பேரடையின் ஒழுங்கான புலம் 1972-இல் வெளிப்பட்டது. நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் வானொலித் தொலைநோக்கி மூலம் மெசியர் 51-இன் முனைவாக்கம் அப்போது பதிவு செய்யப்பட்டது. பின்னர் செருமனியின் எஃபெல்ஸ்பெர்க்கில் உள்ள 100 மீட்டர் தொலைநோக்கி இத்துறையின் முதன்மைக் கருவியாக விளங்கியது.

அளக்கும் முறைகள்

தொலைவில் உள்ள காந்தப்புலத்தை நேரடியாக அளக்க இயலாது. அது ஒளியிலும் வானொலி அலைகளிலும் விட்டுச்செல்லும் தடயங்களே பயன்படுகின்றன. மேலே கூறிய தூசி வழி முனைவாக்கம் அவற்றுள் ஒன்று. ஒளிர் நிறமாலையில் மட்டுமன்றி, தூசி தானே உமிழும் அகச்சிவப்புக் கதிர்களிலும் இதைக் காணலாம்.

இரண்டாவது தடயம் சின்குரோட்ரான் கதிர்வீச்சு. அண்டக் கதிர்களில் உள்ள எலக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பாய்ந்து, காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழலும்போது வானொலி அலைகளை உமிழ்கின்றன. அவ்வலைகளின் செறிவு புலத்தின் மொத்த வலிமையையும், முனைவாக்கம் புலத்தின் ஒழுங்கையும் காட்டுகின்றன.

மூன்றாவது பாரடே சுழற்சி. முனைவாக்கம் பெற்ற அலை, காந்தப்புலமும் கட்டற்ற எலக்ட்ரான்களும் உள்ள பகுதியைக் கடக்கும்போது அதன் அதிர்வுத் தளம் சிறிது சிறிதாகத் திரும்புகிறது. திருப்பத்தின் அளவு அலைநீளத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 6 செ.மீ. அலையைவிட 20 செ.மீ. அலை ஏறத்தாழ 11 மடங்கு திரும்பும். புலம் நம்மை நோக்கி இருந்தால் ஒரு பக்கமாகவும், விலகிச் சென்றால் எதிர்ப்பக்கமாகவும் திருப்பம் நிகழ்கிறது.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது. இத்துறையின் குழப்பங்களில் பெரும்பகுதி அதை மறப்பதாலேயே எழுகிறது. முனைவாக்கம் புலத்தின் கிடப்பை மட்டுமே காட்டும். அதன் திசையைக் காட்டாது. வடக்கு தெற்காக ஒரு சாலை கிடக்கிறது என்று அது சொல்லும். வண்டிகள் வடக்கே போகின்றனவா தெற்கே போகின்றனவா என்று சொல்லாது. தாறுமாறாகக் கிடக்கும் ஒரு புலத்தை வளிமத்தின் ஓட்டம் ஒரு பக்கமாக இழுத்து நீட்டினால், அடுத்தடுத்த கோடுகள் எதிரெதிர்த் திசைகளில் இருந்தாலும் கிடப்பு ஒன்றாகிவிடும். முனைவாக்க வரைபடத்தில் அது அழகிய ஒழுங்குடைய புலமாகவே தோன்றும். பல்லாயிரம் ஒளியாண்டுகளுக்கு ஒரே திசையில் செல்லும் உண்மையான ஒழுங்குப் புலத்தை அதிலிருந்து பிரித்தறியப் பாரடே சுழற்சியே வழி.

புலம் ஏன் அழிய வேண்டும்?

விண்மீனிடை வளிமம் மின்சாரத்தை நன்கு கடத்துகிறது. அதனால் காந்த விசைக்கோடுகள் வளிமத்தோடு பிணைக்கப்பட்டு, அது போகும் இடமெல்லாம் இழுபட்டுச் செல்கின்றன.

பேரடையின் வட்டு ஒரு வண்டிச் சக்கரம் போல ஒரே உடலாகச் சுழல்வதில்லை. மையத்தில் இருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஞாயிறு ஒருமுறை சுற்றிவர 23 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதில் பாதித் தொலைவில் உள்ள ஒரு முகிலுக்கு ஏறத்தாழ அதில் பாதிக் காலமே போதும். ஆகவே மையத்தில் இருந்து வெளிநோக்கி நேராகச் செல்லும் ஒரு விசைக்கோட்டை எடுத்துக்கொண்டால், அதன் உட்பகுதி முந்திச் செல்ல, கோடு கடிகாரச் சுருள்வில் போலச் சுருண்டுகொண்டே போகும். ஆயிரம் கோடி ஆண்டுகளுக்குப் பின் அது மிக நெருக்கமாகச் சுற்றப்பட்டு, வட்டப் பாதையோடு அது கொள்ளும் சாய்வு ஒரு பாகைக்கும் குறைவாகிவிடும். ஆனால் உண்மையில் அளக்கப்படும் சாய்வுகள் பெரும்பாலும் 10 முதல் 40 பாகை வரை உள்ளன. இது சுருட்டல் சிக்கல் எனப்படுகிறது.

இரண்டாவது அழிவுக் காரணம் கொந்தளிப்பு. பால் வழியில் ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ இரண்டு சூப்பர்நோவா வெடிப்புகள் நிகழ்வதாகக் கணிக்கப்படுகிறது. அவை சுற்றியுள்ள வளிமத்தை நொடிக்கு 10 கி.மீ. அளவிலான வேகத்தில், 300 ஒளியாண்டு அளவுள்ள சுழல்களாகக் கலக்குகின்றன. கலக்கப்படும் புலம் தேநீரில் ஊற்றிய பால் போலப் பரவிக் கலைகிறது. சில ஆயிரம் ஒளியாண்டுத் தடிப்புள்ள வட்டில் இருந்து ஒழுங்கான புலம் இவ்வாறு கலைந்துபோக ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகள் போதும். ஞாயிறு மூன்று முறை சுற்றி வரும் காலமே அது.

விதைப் புலம்

புலத்தை வளர்க்கும் எந்த முறையும் ஏற்கனவே உள்ள ஒன்றைத்தான் பெருக்க முடியும். சுழியை எத்தனை முறை பெருக்கினாலும் சுழியே. எனவே தொடக்கத்தில் சிறிதளவேனும் புலம் இருந்திருக்க வேண்டும். இது விதைப் புலம் எனப்படுகிறது.

காந்தமே இல்லாத நிலையில் இருந்து அதை உண்டாக்கும் ஒரு வழியை லுட்விக் பியர்மான் 1950-இல் கண்டறிந்தார். புரோட்டானை விட எலக்ட்ரான் ஏறத்தாழ 1,836 மடங்கு இலேசானது. அழுத்த வேறுபாடு உள்ள மின்ம வளிமத்தில் எலக்ட்ரான்கள் எளிதில் முந்தித் தள்ளப்படுகின்றன. அழுத்தம் மாறும் திசையும் அடர்த்தி மாறும் திசையும் ஒன்றாக இல்லாதபோது, இத்தள்ளல் ஒரு சுற்று மின்னோட்டத்தை உண்டாக்கும். அம்மின்னோட்டம் காந்தப்புலத்தைத் தரும். பேரடைகள் உருவானபோது எழுந்த அதிர்ச்சி அலைகளில் இந்நிலை இயல்பாகவே அமைந்திருக்கும். ஆயினும் இவ்வாறு கிடைப்பது 10⁻²⁰ காஸ் அளவிலான புலமே. ஒன்றுக்குப் பின் இருபது சுழிகள் இட்ட எண்ணால் ஒரு காஸை வகுத்தால் வரும் தொகை அது.

பெருவெடிப்பை ஒட்டிய மிக இளம் அண்டத்திலேயே புலம் தோன்றியிருக்கலாம் என்ற கருத்தும், முதல் விண்மீன்களும் பேரடை மையங்களில் உள்ள கருந்துளைகளும் வெளியே வீசியிருக்கலாம் என்ற கருத்தும் உள்ளன. எது உண்மை என்பதை இன்றைய பேரடைகளைப் பார்த்துச் சொல்வது கடினம். நன்கு விளைந்த வயலில் நின்றுகொண்டு விதை எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்பது போன்றது அது.

டைனமோ

மிதிவண்டி டைனமோவில் சக்கரத்தின் இயக்க ஆற்றல் மின்னாற்றலாக மாறி விளக்கை எரிக்கிறது. பேரடையில் வளிமத்தின் இயக்க ஆற்றல் காந்த ஆற்றலாக மாறுகிறது. இங்கே சுருள் கம்பியும் காந்தமும் தனித்தனியாக இல்லை. மின்சாரத்தைக் கடத்தும் பாய்மமே இரண்டின் வேலையையும் செய்கிறது. இது இரண்டு நிலைகளில் நடைபெறுகிறது.

முதலாவது சிற்றளவு டைனமோ. ஒரு ரப்பர் வளையத்தை இரு மடங்கு நீளத்துக்கு இழுத்து, எட்டு வடிவில் முறுக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக மடித்தால் பழைய அளவிலேயே இரட்டை வளையம் கிடைக்கும். வளையத்தை ஒரு காந்த விசைக்கோட்டுக் கற்றையாக எண்ணினால், ஒரு சுற்றில் புலம் இரட்டிக்கிறது. முறுக்காமல் மடித்தால் எதிர்த் திசைக் கோடுகள் அருகருகே வந்து ஒன்றையொன்று நீக்கிவிடும் என்பதால் முறுக்கு இன்றியமையாதது. கொந்தளிக்கும் வளிமம் இச்செயலைத் தாறுமாறாக, ஆனால் ஓயாமல் செய்கிறது. 300 ஒளியாண்டு அளவுள்ள ஒரு சுழல் ஒருமுறை சுழல ஏறத்தாழ 1 கோடி ஆண்டுகளே ஆவதால், வானியல் கணக்கில் இது மிக விரைவான வளர்ச்சி. சோவியத் இயற்பியலாளர் கசன்ட்சேவ் 1960-களில் இதன் கணிதக் கோட்பாட்டை வகுத்தார். புலத்தின் ஆற்றல் கொந்தளிப்பின் ஆற்றலை நெருங்கும்போது புலமே வளிமத்தை எதிர்த்து நிற்கத் தொடங்கும். வளர்ச்சி அத்துடன் நிற்கும். இவ்வாறு மைக்ரோகாஸ் அளவுள்ள வலிய புலம் கிடைத்துவிடுகிறது. ஆனால் அதற்கு ஒழுங்கு இல்லை. நூல்கண்டு சிக்கியது போல எல்லாத் திசைகளிலும் அது கிடக்கும்.

ஒழுங்கைத் தருவது இரண்டாம் நிலையான பேரளவு டைனமோ. முந்தைய பகுதியில் அழிவுக்குக் காரணமாகக் கூறப்பட்ட அதே இரு இயக்கங்கள் இங்கே இணைந்து ஆக்கத்துக்கு உதவுகின்றன. வட்டின் சுழற்சி, வெளிநோக்கிய கோடுகளை இழுத்து வட்டத் திசையில் வலுவான புலமாக்குகிறது. ஆனால் அது மட்டும் போதாது. வெளிநோக்கிய கூறு கொந்தளிப்பால் கலைந்துவிட்டால் இழுப்பதற்கு எதுவும் மிஞ்சாது. அதை மீட்டுத் தருவது சூப்பர்நோவாக்கள். வெடிப்பால் சூடான வளிமம் வட்டில் இருந்து குமிழிகளாக மேலெழுந்து விரிகிறது. அது தன்னோடு வட்டத் திசைப் புலத்தையும் வளைவாகத் தூக்கிச் செல்கிறது. பேரடை சுழல்வதால், புவியில் புயல்களைச் சுழலச் செய்யும் அதே கொரியோலிசு விளைவு அக்குமிழிகளைத் திருப்புகிறது. வட்டின் ஒரு பக்கத்தில் எழும் குமிழிகள் அனைத்தும் ஒரே பக்கமாகத் திரும்புவதால், வளைவுகளின் சிறு வெளிநோக்கிய கூறுகள் கூடிச் சேர்கின்றன. சுழற்சி அவற்றை மீண்டும் இழுக்க, சுற்று முழுமை பெறுகிறது.

ஞாயிற்றின் புலத்தை விளக்க யூஜின் பார்க்கர் 1955-இல் இக்கருத்தை உருவாக்கினார். கிழக்கு செருமனியைச் சேர்ந்த ஸ்டீன்பெக், கிரவுசே, ரேட்லர் ஆகியோர் 1966-இல் அதற்குக் கணித வடிவம் தந்தனர். 1971-இல் பார்க்கரும், தனியே வைன்ஷ்டீன், ருஸ்மைக்கின் ஆகியோரும் அதைப் பேரடைகளுக்குப் பொருத்தினர்.

பேரளவு டைனமோ மெதுவானது. புலம் பத்து மடங்காகப் பெருக 70 கோடி ஆண்டுகள் என்று கொண்டால், 10⁻²⁰ காஸில் இருந்து ஒரு மைக்ரோகாஸை எட்ட 980 கோடி ஆண்டுகள் வேண்டும். அண்டத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். இரு நிலைகளையும் தொடராக வைத்தால் இந்நெருக்கடி நீங்குகிறது. சிற்றளவு டைனமோ தந்த சிக்கலான புலத்தைப் பேரடை முழுமைக்கும் சராசரி எடுத்தால், எதிரெதிர்க் கூறுகள் நீங்கிய பின்னும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் எஞ்சும். பேரளவு டைனமோ அங்கிருந்து தொடங்கினால் அதே கணக்கில் 210 கோடி ஆண்டுகள் போதும்.

இக்கோட்பாட்டுக்கு ஒரு கடுமையான எதிர்ப்பும் எழுந்தது. நன்கு மின்கடத்தும் பாய்மத்தில் புலத்தின் மொத்த முறுக்களவு மாறாது. ஆகவே பேரளவுப் புலம் ஒரு பக்கமாக முறுக்கப்படும்போது, சிற்றளவுப் புலத்தில் அதற்குச் சமமான எதிர்முறுக்கு சேர்கிறது. அது தேங்கினால் குமிழிகளின் திருப்பத்தைத் தடுத்து, புலம் போதிய வலிமை பெறும் முன்பே டைனமோவை நிறுத்திவிடும். எதிர்முறுக்குக்கு ஒரு வடிகால் தேவை. வட்டில் இருந்து நீரூற்றுப் போல மேலெழும் சூடான வளிமமே அவ்வடிகால் என்று சுக்குரோவ், சொக்கொலோவ், பிராண்டன்பர்க் ஆகியோருடன், புணேயில் உள்ள வானியல், வானியற்பியல் பல்கலைக்கழகங்களிடை மையத்தைச் சேர்ந்த கந்தசுவாமி சுப்பிரமணியன் இணைந்து 2006-இல் காட்டினார். சிறிதளவு வளிமம் வெளியேறுவது டைனமோவைக் காக்கிறது. மிகுதியாக வெளியேறினால் பேரளவுப் புலத்தையும் அடித்துச் சென்றுவிடும்.

அருகிலுள்ள பேரடைகள் காட்டுபவை

டைனமோவுக்கு மிகத் தெளிவான சான்று அந்திரொமேடா பேரடையில் உள்ளது. அதன் மையத்தில் இருந்து ஏறத்தாழ 33,000 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு பெரிய வளிம வளையம் இருக்கிறது. எஃபெல்ஸ்பெர்க் அளவீடுகளின்படி, வளையத்தின் ஒரு பக்கத்தில் பாரடே சுழற்சி ஒரு குறியிலும், எதிர்ப்பக்கத்தில் மறு குறியிலும், இடையே சீராகவும் மாறுகிறது. புலம் வளையம் முழுவதையும் ஒரே திசையில் சுற்றிவருகிறது என்பதே இதன் பொருள். பழைய புலம் ஒன்று சுருட்டப்பட்டிருந்தால் அடுத்தடுத்த சுற்றுகள் எதிர்த் திசைகளில் இருந்திருக்கும்.

மெசியர் 51 இதற்கு நேர்மாறான பாடம். அதன் முனைவாக்க வரைபடம் சுருள் கைகளை அச்சொட்டாகப் பின்தொடர்கிறது. பேரடைக் காந்தவியல் குறித்த நூல்களில் அதிகம் இடம்பெறும் படங்களில் அதுவும் ஒன்று. ஆனால் பாரடே சுழற்சியை ஆராய்ந்தபோது, ஒரே திசையில் செல்லும் புலம் அங்கு வலிமை குறைந்தது என்றும், காணப்படும் ஒழுங்கின் பெரும்பகுதி நெருக்கியும் இழுத்தும் நீட்டப்பட்ட தாறுமாறான புலமே என்றும் தெரியவந்தது. அருகில் உள்ள துணைப் பேரடையின் ஈர்ப்பால் இப்பேரடையின் வளிமம் கலங்கியிருக்கிறது.

என்ஜிசி 6946 பேரடையில் மிகவும் ஒழுங்கான புலம் சுருள் கைகளில் இல்லாமல், கைகளுக்கு இடைப்பட்ட வெளியில் தனிக் காந்தக் கைகளாக அமைந்துள்ளது. விண்மீன்கள் மிகுதியாகப் பிறக்கும் கைகளில் கொந்தளிப்பு கூடுதல் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. ஆயினும் எல்லோரும் ஏற்ற விடை இன்னும் இல்லை. விண்மீன் பிறப்பு வெடித்துப் பெருகும் மெசியர் 82 போன்ற பேரடைகளில் மொத்தப் புலம் 50 மைக்ரோகாஸையும் தாண்டுகிறது.

பால் வழியின் புலத்தைத் துடிவிண்மீன்களின் பாரடே சுழற்சி காட்டுகிறது. ஞாயிறு இருக்கும் பகுதியில் ஒரு திசையில் செல்லும் புலம், மையத்தை நோக்கி அடுத்துள்ள தனுசுக் கையில் எதிர்த் திசைக்கு மாறுகிறது. பல சிறு பகுதிகளில் தனித்தனியே வளர்ந்த புலங்கள் இன்னும் முழுமையாக ஒன்றிணையாததன் தடயமாக இது இருக்கலாம். அந்திரொமேடாவில் இத்தகைய மாற்றம் காணப்படாதது ஏன் என்பது திறந்த கேள்வி.

இளம் பேரடைகள்

தொலைவில் பார்ப்பது கடந்த காலத்தைப் பார்ப்பதே என்பதால், புலம் எப்போது வளர்ந்தது என்பதை நேரடியாகவே சோதிக்கலாம். 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, பேரடைகளைக் கடந்து வரும் குவேசார் ஒளியில் பாரடே சுழற்சி கூடுதலாக இருப்பதைக் காட்டியது. அண்டம் இன்றைய வயதில் பாதியைக்கூட எட்டாத காலத்திலேயே பேரடைகளைச் சூழ்ந்து வலிய புலங்கள் இருந்தன என்பது அதன் முடிவு.

2017-இல் இதைவிடத் துல்லியமான ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நிலையில் நாம் காணும் ஒரு பேரடை, தனக்குப் பின்னால் உள்ள குவேசாரின் கதிர்களைத் தன் ஈர்ப்பால் வளைத்து இரண்டு பிம்பங்களாக்குகிறது. இரு பிம்பங்களும் ஒரே மூலத்தில் இருந்து வருபவை. ஆனால் பேரடையின் வெவ்வேறு இடங்கள் வழியே வருபவை. ஆகவே அவற்றின் பாரடே சுழற்சியில் உள்ள வேறுபாடு முழுவதும் அப்பேரடைக்கே உரியது. இன்றைய பேரடைகளில் உள்ளதைப் போன்ற வலிமையும் ஒழுங்கும் கொண்ட புலம் அங்கு இருந்தது.

2023-இல் சிலியில் உள்ள அல்மா தொலைநோக்கி, 1,100 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய 9ஐஓ9 என்ற பேரடையின் தூசியில் முனைவாக்கத்தைப் பதிவு செய்தது. அப்போது அண்டத்தின் வயது 250 கோடி ஆண்டுகளே. புலத்தின் கிடப்பு 16,000 ஒளியாண்டு வரை வட்டுக்கு இணையாக இருந்தது. பேரளவு டைனமோ அவ்வளவு விரைவில் வேலையை முடித்துவிட்டதா? தூசியின் முனைவாக்கம் கிடப்பை மட்டுமே காட்டும் என்பதால், மெசியர் 51-இல் கண்டது போல நீட்டப்பட்ட சிக்கலான புலமாகவும் அது இருக்கலாம். சிற்றளவு டைனமோவுக்கு அக்காலம் தாராளமாகப் போதும். தென்னாப்பிரிக்காவிலும் ஆத்திரேலியாவிலும் கட்டப்பட்டு வரும் சதுர கிலோமீட்டர் அணி வானொலித் தொலைநோக்கியின் முதன்மை நோக்கங்களுள் காந்தப்புல ஆய்வும் ஒன்று. பின்னணி மூலங்களின் பாரடே சுழற்சியை மிகப் பெரும் எண்ணிக்கையில் அளந்து, வெவ்வேறு வயதுடைய பேரடைகளில் ஒரே திசையில் செல்லும் புலம் எப்போது தோன்றியது என்று அது தேடும்.